சொல்லும் கையும்

மக்களுக்கு இயற்கை அளித்துள்ள கருவிகளுள் கையினும் சிறந்தது பிறிதொன்றில்லை. உழுவது கை, நெய்வது கை, எழுதுவது கை. வழி கேட்பார்க்குத் திசை காட்டுவதும், வந்தாரை வருகவென்று அழைப்பதும், அழுகின்ற குழந்தையின் கண்ணீரைத் துடைப்பதும் கையே. பொழுது விடிந்தது முதல் உறங்கப் போகும் வரையில் நம் கைகள் ஏதேனும் ஒன்றைச் செய்துகொண்டே இருக்கின்றன. ஆயினும், "இப்பொழுது என் கைகளை என்ன செய்வது?" என்று நாம் எண்ணிக் கலங்குவதில்லை.

அந்தக் கலக்கம் ஓரிடத்தில் மட்டும் தோன்றுகிறது. அவ்விடம் மேடை. நண்பரோடு திண்ணையில் அமர்ந்து ஒரு மணி நேரம் தடையின்றிப் பேசுகின்றவர், பலர் முன்னிலையில் எழுந்து நின்றவுடன், தம் தோள்களிலிருந்து இரண்டு பாரங்கள் தொங்குவதாக உணர்கின்றார். கைகளைப் பின்னால் கட்டுகின்றார், முன்னால் கோக்கின்றார், சட்டைப் பையில் நுழைக்கின்றார், மேசையின் விளிம்பைப் பற்றுகின்றார். நாவிற்குச் சொல் கிடைக்கிறது. கைக்கு இடம் கிடைப்பதில்லை. இதற்குக் காரணம் யாது? இதனை நீக்கும் வழி யாது? ஆரணி நகரத்தில் நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இவ்விரண்டையும் ஆராய்வோம்.

ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஊர். நெல்லுக்கும் பட்டுக்கும் பெயர் பெற்றது. புவிசார் குறியீடு பெற்ற தமிழ்நாட்டுப் பொருள்களுள் ஆரணிப் பட்டும் ஒன்று. நெசவாளர் வாழும் தெருக்களில் நடந்து செல்வோர் காதில், வீடுகளுக்குள்ளிருந்து தறியின் ஒலி தாளம்போல் வந்து விழும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, அந்நகரில் நடைபெற்ற மாணவர் பேச்சுப் போட்டி ஒன்றிற்கு நடுவருள் ஒருவனாகச் சென்றிருந்தேன். 'உழைப்பின் உயர்வு' என்பது தலைப்பு. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மேடைக்கு வந்தான். அவன் குரல் தெளிவாக இருந்தது. கருத்தும் நன்றாகவே இருந்தது. ஆனால், அவனுடைய கைகள் அவனுக்குப் பகையாயின. சொல்தோறும் ஒரு கையசைவை யாரோ அவனுக்குக் கற்பித்திருந்தனர். 'வானம்' என்றால் வலக்கை மேலே செல்லும். 'பூமி' என்றால் கீழே இறங்கும். 'நெஞ்சம்' என்றால் மார்பைத் தொடும். 'ஒற்றுமை' என்றால் விரல்கள் பத்தும் கோத்துக்கொள்ளும். மனப்பாடம் செய்த அவ்வசைவுகள் ஒவ்வொன்றும் சொல்லுக்கு ஒரு கணம் பிந்தியே வந்தது. வாய் பூமிக்கு வந்த பின்னும் கை வானத்திலேயே நின்றது. முன்வரிசையில் இருந்த சிறுவர் சிலர் நகைத்தனர். அவன் தன் கையைப் பார்த்தான். பார்த்தவுடன் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். அடுத்த வரி மறந்து போயிற்று. சிறிது நேரம் அசையாமல் நின்றான். நன்றியும் கூறாமல் இறங்கிச் சென்றான்.

அன்று மாலை, நெசவைக் காண விரும்பிய என்னை நண்பர் ஒருவர் நெசவாளர் வீடு ஒன்றிற்கு அழைத்துச் சென்றார். "வாருங்கள் ஐயா" என்று தறியிலிருந்தபடியே வீட்டுக்காரர் வரவேற்றார். அவர் அருகில் அமர்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்த சிறுவன் தலை நிமிர்ந்தான். காலையில் மேடையிலிருந்து இறங்கிச் சென்ற அதே மாணவன்!

அவன் தந்தை நெய்துகொண்டிருந்தது குழித்தறி. குழித்தறியில் நெய்பவர் தரையோடு தரையாக அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டிருப்பார். காலால் மிதியை மிதிக்கும்போது பாவின் இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழி விடுகின்றன. வலக்கை கயிற்றைச் சுண்டியிழுக்க, நாடா அவ்வழியே பாய்ந்து ஊடையிழையை விட்டுச் செல்கிறது. இடக்கை அச்சுப் பலகையைத் தன் பக்கம் இழுத்து அவ்விழையை நெருக்குகிறது. காலும் இரு கைகளும் இவ்வாறு முறை மாறாமல் இயங்கிக்கொண்டிருந்தன. ஆனால், அவர் தம் கைகளை ஒரு முறையேனும் பார்க்கவில்லை. அவர் கண் முழுவதும் உருவாகிக்கொண்டிருந்த துணியின்மேல் இருந்தது. "கோயிலுக்கு எவ்வழியே செல்ல வேண்டும்?" என்று கேட்டேன். வலக்கை கயிற்றை விட்டு எழுந்தது, திசையைக் காட்டியது, தெருமுனையில் திரும்ப வேண்டும் என்பதை மணிக்கட்டை வளைத்து உணர்த்தியது, மீண்டும் கயிற்றைப் பற்றியது. இத்தனையும் ஒரு நொடியில் நிகழ்ந்தன. எந்த ஆசிரியர் அவருக்கு அந்தக் கையசைவைக் கற்பித்தார்?

பின்பு அம்மாணவனை நோக்கி, "தம்பி, ஒரு பட்டுச் சேலை எப்படி உருவாகிறது? எனக்குச் சொல்" என்றேன். முதலில் தயங்கினான். பிறகு சொல்லத் தொடங்கினான். சாயத் தொட்டியில் பட்டுக் கழியை முக்கித் திருப்புவதைச் சொல்லும்போது, அவன் இரு கைகளும் காணாத ஒரு கோலைப் பற்றித் திருப்பின. தெருவில் பாவு நீட்டி இழைகளை ஒழுங்கு செய்வதைச் சொல்லும்போது, கைகள் அகல விரிந்து தெருவின் நீளத்தையே கூடத்திற்குள் கொண்டுவந்தன. பழைய பாவின் முனையோடு புதிய பாவை இழை இழையாகப் பிணைப்பதைச் சொல்லும்போது, கட்டைவிரலும் சுட்டுவிரலும் நெருங்கி, மிக மெல்லிய ஒன்றைத் திரித்தன. குரலும் அதற்கேற்பத் தாழ்ந்தது. அரை மணி நேரம் அவன் பேசினான். நான் இழையையே கண்டேன்; அவன் கையைத் தனியாகக் காணவில்லை.

"தம்பி, இந்தக் கைகள் காலையில் எங்கே போயிருந்தன?" என்று கேட்டேன்.

அவன் முகம் தாழ்ந்தது. "அங்கே எல்லோரும் என் கையையே பார்ப்பதாகத் தோன்றிற்று ஐயா. விடுமுறையில் மாமாவின் சாயப்பட்டறைக்குச் சென்றிருந்தேன். விரலில் பட்ட சாயம் இன்னும் போகவில்லை" என்று கூறிக் கையை நீட்டினான். நகங்களின் ஓரத்தில் அரக்கு நிறம் படிந்திருந்தது.

"அவ்வளவு கூச்சம் உடையவன் ஏன் போட்டியில் சேர்ந்தாய்?"

அவன் தந்தையை ஒரு முறை பார்த்தான். "சங்கக் கூட்டத்தில் அப்பா பேசுவதற்கு எழுந்தால் கையைக் கட்டிக்கொண்டே நிற்பார். கூலியைப் பற்றிச் சொல்ல வந்ததைப் பாதி சொல்வதற்குள் அமர்ந்துவிடுவார். நானாவது பேசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சேர்ந்தேன்" என்றான்.

தந்தை சினக்கவில்லை. "உண்மைதான் ஐயா. தறியில் அமர்ந்தால் பேச்சு வருகிறது, எழுந்து நின்றால் வருவதில்லை" என்று சொல்லி, மீண்டும் நாடாவை ஓட்டினார்.

மாணவர்களே! மேடைப் பேச்சைப் பற்றிப் பல நூல்கள் கூறத்தக்க உண்மையை அந்நெசவாளர் இரண்டு வரியில் கூறிவிட்டார். தறியில் இருக்கும்போது அவர் மனம் துணியின்மேல் இருக்கிறது. கை தன் தொழிலைத் தானே செய்கிறது. கூட்டத்தில் எழுந்து நிற்கும்போது, மனம் சொல்ல வந்த பொருளை விட்டுத் தம்மேல் திரும்புகிறது. 'நான் எவ்வாறு தோன்றுகிறேன்? என் கை எங்கே இருக்கிறது?' என்னும் எண்ணம் எழுகிறது. நெய்பவர் துணியைப் பார்ப்பதை விட்டுத் தம் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் தாளம் தவறும், இழை அறும். பேசுவோர்க்கும் அதுவே நேர்கிறது. பொருளின்மேல் இருக்க வேண்டிய கருத்து கையின்மேல் சென்றால், கை மரத்துப் போகிறது. அல்லது பொருளற்று அலைகிறது.

மேடையில் கைக்கு நேரும் குற்றம் இரண்டே. ஒன்று, கையைச் சிறைப்படுத்துதல். மற்றொன்று, கையைக் கூத்தாட விடுதல். முன்னது அச்சத்தால் வருவது. பின்னது தவறான பயிற்சியால் வருவது. சொல்லுக்கொரு சைகை செய்பவர், கேட்போரின் அறிவை ஐயுறுகின்றவர் ஆவார். 'வானம்' என்றால் அது மேலே இருப்பது யாவர்க்கும் தெரியும். அதனைக் கையால் காட்ட வேண்டுவதில்லை. தெரியாததைத் தெரிவிப்பதற்கும், சொல்லால் மட்டும் சொல்ல இயலாததைச் சொல்வதற்குமே கை எழ வேண்டும்.

கை பேச்சோடு சேர்ந்து இயங்குவது பிறரைப் பார்த்துக் கற்ற வழக்கம் அன்று. அது மனித இயல்பு. இதனை மெய்ப்பிக்கும் ஆராய்ச்சி ஒன்றை ஜானா ஐவர்சன், சூசன் கோல்டின்-மெடோ என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1998-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பிறவியிலேயே பார்வையில்லாத சிறுவர் பன்னிருவர் பேசும் முறையை அவர்கள் ஆராய்ந்தனர். பிறர் கையசைத்துப் பேசுவதை ஒரு முறையும் கண்டிராத அச்சிறுவர்கள், பார்வையுடைய சிறுவரைப் போலவே கையசைத்துப் பேசினர். எதிரில் இருப்பவரும் பார்வையற்றவர் என்று அறிந்த நிலையிலும் பார்வையற்ற சிறுவரின் கைகள் அசைந்தன. இதனால், கையசைவு காண்பவர்க்காக மட்டும் எழுவது அன்று என்பதும், எண்ணமும் சொல்லும் பிறக்கும்போதே கையும் உடன் எழுகிறது என்பதும் விளங்கும். ஆதலின், கையசைவை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்ட வேண்டியதில்லை. அதனைத் தடுக்கும் கூச்சத்தை நீக்கினால் போதும்.

கையின் ஆற்றலைத் தமிழர் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையும் ஆடலுக்குரிய கைவகைகளை விரித்துரைக்கின்றன. ஒரு கையால் செய்வது பிண்டி; இரு கையும் இணைந்து செய்வது பிணையல். பிண்டியில் 33 வகையும் பிணையலில் 15 வகையும் உரையில் கூறப்பட்டுள்ளன. அழகுக்காக அமைவது எழிற்கை. தொழிலைக் காட்டுவது தொழிற்கை. பொருளை உணர்த்துவது பொருட்கை. 'தொழிற்கை' என்னும் அச்சொல்லை நினைக்கும்போதெல்லாம், ஆரணியில் காணாத இழையைத் திரித்துக் காட்டிய அச்சிறுவனின் விரல்கள் என் நினைவிற்கு வருகின்றன.

ஆயினும், ஆடுவோர் கையும் பேசுவோர் கையும் ஒன்றல்ல. ஆடற்கை ஒரு மொழி. அதற்கு எழுத்தும் சொல்லும் உண்டு. ஆண்டுக்கணக்கில் பயின்றே அதனைக் கற்க வேண்டும். மேடைப் பேச்சாளர் அம்முத்திரைகளைக் கடன் வாங்கினால் நகைப்பிற்கே இடமாகும். ஆனால், ஆடற்கலையிலும் பயின்ற முத்திரை மட்டும் போதுவதில்லை. பரதநாட்டியத்தில் ஒப்பற்று விளங்கிய தஞ்சாவூர் பாலசரசுவதி (1918-1984), பாடலின் ஓரடி மீண்டும் மீண்டும் பாடப்படும்போது, ஒவ்வொரு முறையும் புதிய புதிய வகையில் அபிநயிப்பார். பாடலின் பொருளில் அவர் உள்ளம் தோய்ந்திருந்தது. அவ்வுள்ளம் சென்ற வழியே கை சென்றது. திரைப்பட இயக்குநர் சத்தியஜித் ராய் 1976-ஆம் ஆண்டில் அவரைப் பற்றி 'பாலா' என்னும் படத்தை எடுத்தார். விதிகள் நிறைந்த கலையிலேயே கை பொருளின் வழி நடக்க வேண்டுமாயின், விதியற்ற பேச்சில் அஃது எத்துணை இன்றியமையாதது!

கையசைவின் அளவு இடத்தைப் பொறுத்தது. இதனையும் ஆரணிப் பகுதி மக்கள் நன்கு அறிவர். அப்பகுதியில் திரௌபதியம்மன் கோயில்களில் அக்கினி வசந்த விழா நடைபெறும் நாள்களில், பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நிகழும். செய்யாற்றை அடுத்த புரிசை, தெருக்கூத்தால் புகழ் பெற்ற சிற்றூர். கண்ணப்பத் தம்பிரானைப் போன்ற பெருங்கலைஞர் வாழ்ந்த இடம் அது. கூத்தர் திறந்தவெளியில் விடிய விடிய ஆடுவர். கண்ணாடித் துண்டுகள் பதித்த மரக்கிரீடமும் தோளணிகளும் பூண்டு, தொலைவில் அமர்ந்திருப்பவர்க்கும் விளங்குமாறு கைகளை அகல வீசுவர். அங்கே சிறிய அசைவு இருளில் கரைந்துவிடும். பகலில் பாரதம் சொல்பவரோ, அதே அர்ச்சுனனின் கதையை, அமர்ந்த இடத்திலிருந்தே, ஒரு கையின் சிறு அசைவால் விளக்கிச் செல்வார். கூத்தரின் வீச்சைச் சொற்பொழிவாளர் மேற்கொண்டால் மிகையாகும். சொற்பொழிவாளரின் அடக்கத்தைக் கூத்தர் மேற்கொண்டால் குறையாகும். கதை ஒன்றே, ஊர் ஒன்றே, காண்போரும் அவரே. இடம் வேறுபடவே கையும் வேறுபடுகிறது. நாற்பது மாணவர் உள்ள வகுப்பறையில் பேசும்போது முழங்கையிலிருந்து எழும் அசைவு போதும். ஆயிரம் பேர் கூடிய திடலில் அது தோளிலிருந்து எழ வேண்டும்.

'அர்ச்சுனன் தபசு' நிகழும் நாளில், வேடம் புனைந்தவர் உயர்ந்த மரத்தின்மேல் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியை அடைந்து, கீழே கூடியிருப்போர்க்கு எலுமிச்சம் பழம் முதலியவற்றை வீசுவார். அத்தனை உயரத்தில் நின்றும் அவர் கை தடுமாறுவதில்லை. ஏறுவதும் பற்றுவதும் வழங்குவதும் ஆகிய தொழில்கள் அக்கைக்கு இருக்கின்றன. தொழிலுடைய கைக்கு நடுக்கம் குறைவு.

மேலை நாட்டு அறிஞரும் இக்கருத்தையே கொண்டிருந்தனர். கி. பி. முதல் நூற்றாண்டில் ரோம் நகரில் பேச்சுக்கலை கற்பித்த குயின்டிலியன் என்னும் பேராசிரியர், தம் நூலில் கைக்கெனவே நெடிய பகுதி ஒன்றை ஒதுக்கினார். கருத்துத் தொடங்கும்போது கையசைவும் தொடங்கிக் கருத்து முடியும்போது அதுவும் முடிய வேண்டும் என்பது அவர் கொள்கை. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் வரும் இளவரசனும், கையை வீணே காற்றில் வீசுதல் ஆகாது என்று நடிகர்க்கு அறிவுரை கூறுகின்றான். ஆரணியில் அம்மாணவனுக்கு நேர்ந்த துன்பம் புதியதன்று. மேடை தோன்றிய நாள் முதலாகவே மக்களைத் தொடர்ந்து வருவது.

இனி, இதனை நீக்கும் வழிகளைக் காண்போம்.

முதலாவது, வணக்கத்தோடு தொடங்குங்கள். கைகூப்பி வணங்கிப் பேசத் தொடங்குவது தமிழர் மரபு. இம்மரபில் ஒரு நன்மையும் அமைந்துள்ளது. மேடையில் நின்றவுடன் கைக்கு ஒரு தொழில் கிடைக்கிறது. அத்தொழிலுக்குத் தெளிவான பொருளும் இருக்கிறது. பலர் அவசரமாகக் கைகூப்பி, அவசரமாக விலக்கிவிடுகின்றனர். அவ்வாறு செய்யாமல், கேட்போரை நோக்கி அமைதியாக வணங்குக. பிறகு கைகள் தாமே இறங்கி உடலின் இருபுறமும் தங்கட்டும்.

இரண்டாவது, அதுவே கைகளின் வீடு என்று கொள்க. பக்கத்தில் தளர்ந்து தொங்கும் கை, உங்களுக்குத்தான் பெரும்பாரமாகத் தோன்றும். காண்பவர்க்கு இயல்பாகவே தோன்றும். பேசும்போது தேவை வந்தால் கை வீட்டிலிருந்து புறப்படும். தேவை முடிந்தால் வீடு திரும்பும். புறப்படாமலே சிறிது நேரம் கழிந்தாலும் குற்றமில்லை.

மூன்றாவது, காட்ட விரும்பும் பொருளை முதலில் நீங்கள் மனத்தில் காணுங்கள். அளவு, திசை, எண், வடிவம், வேறுபாடு ஆகியவற்றைச் சொல்லும்போதுதான் கைக்கு மிகுதியான வேலை உண்டு. சாணும் முழமும் நம் கையிலிருந்தே பிறந்த அளவைகள் அல்லவா? பூ விற்கும் பெண்மணி இன்றும் முழங்கையால் அளந்து கொடுக்கின்றாள். ஒரு பொருளின் நீளத்தை மனத்தில் தெளிவாகக் கண்டவர் கை, அந்த நீளத்திற்குத் தானே விரியும். காணாதவர் கை எதனையும் காட்டாது வெறுவெளியில் அலையும்.

நான்காவது, கையசைவைக் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்யாதீர்கள். பேச்சின் பொருளை வீட்டில் தம்பி தங்கையர்க்குக் கதைபோலச் சொல்லிப் பழகுங்கள். அவர்களுக்கு விளங்க வேண்டும் என்னும் விருப்பமே உங்கள் கைகளை எழுப்பும். அவ்வாறு பலமுறை சொல்லிப் பழகிய பொருளை மேடையில் சொல்லும்போது, கைகள் பழகிய வழியே இயங்கும்.

ஐந்தாவது, கையில் உள்ளவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். பெரிய தாள் கை நடுக்கத்தை ஊரறியச் செய்யும். குறிப்புகளைச் சிறிய அட்டையில் எழுதி மேசைமேல் வைப்பது நலம். ஒலிவாங்கியைக் கையில் பிடித்துப் பேச நேர்ந்தால், அக்கையை வாயிலிருந்து ஒரே தொலைவில் வைத்து, மற்றக் கையை மட்டும் இயங்க விடுக.

ஆறாவது, மரியாதை தவறாதீர்கள். பெரியோர் அமர்ந்திருக்கும் அவையை நோக்கிச் சுட்டுவிரலை நீட்டுதல் நம் நாட்டில் பண்பாகக் கருதப்படுவதில்லை. ஒருவரைக் குறிப்பிட வேண்டின், உள்ளங்கை மேல்நோக்க, விரித்த கையால் குறிப்பிடுக. திறந்த கை நட்பைக் காட்டும். நீட்டிய விரல் குற்றம் சாட்டும்.

இவை எல்லாவற்றினும் மேலானது ஒன்றுண்டு. உங்கள் கையை எண்ணி நாணாதீர்கள். முற்காலத்தில் எளியோர், செல்வர் முன்னிலையில் கைகட்டி வாய் பொத்தி நிற்க வேண்டியிருந்தது. அவ்வழக்கம் பெரிதும் மறைந்துவிட்டது. ஆயினும், பேச எழும் எளியோர் பலருடைய கைகள் இன்னும் தாமே கட்டிக்கொள்கின்றன. கை கட்டப்படும்போது சொல்லும் கட்டப்படுகிறது. தம் கூலியையும் குறையையும் தாமே எடுத்துச் சொல்ல இயலாதவர்க்காகப் பிறர் பேசுவர்; பிறர் பேச்சில் பாதி உண்மை நழுவிப்போகும். ஆதலின், மேடையில் கைகளை இயல்பாக வைத்துக்கொள்ளுதல் வெறும் அழகுக்கலை அன்று. தலைநிமிர்ந்து நின்று தம் கருத்தைத் தாமே கூறும் உரிமையின் ஒரு பகுதி அது.

அன்று விடைபெறும்போது அம்மாணவனிடம் ஒன்றே கூறினேன்: "அடுத்த முறை உனக்குத் தெரிந்த தொழிலைப் பற்றிப் பேசு. கையில் சாயம் இருந்தால் அதனையும் காட்டு." இரண்டு திங்களுக்குப் பின்பு, அவன் பள்ளித் தமிழாசிரியர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். பள்ளி இலக்கிய மன்றத்தில் அம்மாணவன் 'எங்கள் வீட்டுத் தறி' என்னும் தலைப்பில் பேசினானாம். தொடக்கத்தில் கைகள் சிறிது நடுங்கினவாம். பிறகு, "இந்தச் சாயம் எப்படி வந்தது தெரியுமா?" என்று கேட்டு விரல்களை அவைக்குக் காட்டினானாம். அதற்குமேல் நடுக்கம் இல்லையாம். சங்கத்தில் உறுப்பினரான அவன் தந்தையும் அன்று பின்வரிசையில் நின்று கேட்டிருக்கிறார். மகன் பேசி முடித்தபோது, கட்டியிருந்த அவர் கைகள் அவிழ்ந்து, எல்லோருக்கும் முன்னதாகத் தட்டினவென்று ஆசிரியர் எழுதியிருந்தார்.

மாணவர்களே! கைக்குத் தனியாக ஒரு பாடமும் வேண்டுவதில்லை. சொல்லும் பொருளை நன்கு அறியுங்கள். கேட்போர்க்கு அது விளங்க வேண்டுமென விரும்புங்கள். உங்கள்மேல் இருக்கும் கண்ணைப் பொருளின்மேல் திருப்புங்கள். பாவும் ஊடையும் கூடித் துணியாவதுபோல், சொல்லும் கையும் கூடி உங்கள் பேச்சு உருவாகும்.

அருஞ்சொற்பொருள்

பாவு - தறியில் நீளவாட்டில் அமையும் இழைகள்.
ஊடை - குறுக்குவாட்டில் செல்லும் இழை.
நாடா - ஊடையிழையைக் கொண்டு செல்லும் நெசவுக் கருவி.
தார் - நாடாவினுள் வைக்கும் நூல் சுற்றிய சிறு குழல்.
கழி - நூற்கற்றை.
பிண்டி - ஒற்றைக் கையால் காட்டும் அபிநயம்.
பிணையல் - இரு கைகளாலும் காட்டும் அபிநயம்.
தோய்தல் - ஒன்றி ஆழ்தல்.

பயிற்சி வினாக்கள்

1. போட்டியில் பேசிய மாணவனுக்குக் கையசைவுகள் பயன்படாமற் போனமைக்குக் காரணம் யாது?
2. "தறியில் அமர்ந்தால் பேச்சு வருகிறது, எழுந்து நின்றால் வருவதில்லை." இக்கூற்றை விளக்குக.
3. 1998-ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியால் அறியப்படும் உண்மை யாது?
4. ஆடற்கைக்கும் பேச்சாளர் கைக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
5. பாரதச் சொற்பொழிவாளரின் கையசைவும் கூத்தரின் கையசைவும் வேறுபடுவதேன்?
6. உங்கள் வீட்டிலோ ஊரிலோ நடைபெறும் ஒரு தொழிலை, குறிப்பு எதுவும் இன்றி, வகுப்பில் ஐந்து நிமிடம் விளக்கிப் பேசுக.